எண்ணெய் எஞ்சினியர் பர்னபாஸ்

எனக்கு வாய் நீளம்னு இந்தத் தெருவே சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும். ஒரு வீட்டுல வருஷக்கணக்கா வாய் திறந்து பேசுற ஆளு ஒருத்திதான்னா, அந்த வாய் நீளாம என்ன செய்யும்? எங்க வீட்டுக்காரர் பேச மாட்டார். என் தம்பி பெண்சாதி மரியசெல்வி பேச மாட்டா. எம்மவ கிளாடிஸ் இவங்க ரெண்டு பேரையும் பார்த்து வளர்ந்தவ, கேட்டாத்தான் பதில் சொல்லுவா. நானும் வாயை மூடிக்கிட்டா, ஆளில்லாத வீடுன்னு நினைச்சு எவனாவது வெளியே பூட்டைப் போட்டுட்டுப் போயிருவான்.

எங்க வீட்டுக்காரர் பேரு பர்னபாஸ் மோத்தா. ஊருல கூப்பிடுறது எண்ணெய் எஞ்சினியர்னு. கேலியாத்தான். ராஜதுரை அண்ணாச்சி மண்ணெண்ணெய்க் கடையில அவருக்கு வேலை. துறைமுகத்துல இருந்து தகரம் தகரமா எண்ணெய் வந்து இறங்கும்போது, ஒழுகுறதை எல்லாம் தனியா ஒதுக்கி, காலி பண்ணி, காய வச்சு, ஈயப்பத்து போட்டு அடைக்கணும். வண்டிக்காரப் பயலுவோ வேணும்னே வந்து நிப்பானுவ. "எஞ்சினியர் ஐயா, இந்தத் தகரத்துக்குக் கொஞ்சம் வைத்தியம் பாருங்க" அப்படிம்பானுவ. இவர் "சரி"ன்னு வாங்கி வச்சுக்குவார். கோபம் வராது. எனக்குக் கேட்டாலே உச்சியில ஏறும். ஒரு நாள் அங்கனயே நின்னு, "ஏலே, உங்க அப்பன் ஆத்தா ஒங்களைப் பெத்தாவளா, இல்ல கடையில தகரத்தோட வாங்குனாவளா"ன்னு கேட்டுட்டேன். அண்ணாச்சி பாவம், சிரிக்கவும் முடியாம, என்னை அனுப்பவும் முடியாம, ரெண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கிட்டு நின்னார்.

அவனுவளுக்கு என்ன தெரியும்? அவர் நெசமாவே எஞ்சினியர்தான். எண்ணெய் எஞ்சினியர்தான். பாதிரிமார் பள்ளிக்கூடத்துல கடைசி வகுப்பு வரைக்கும் படிச்சு, இங்கன ஒரு பஞ்சு மில்லுல பிட்டர் வேலை பழகி, அப்புறம் கப்பலேறி ரங்கூன் போனவர். அங்கிருந்து ஐராவதி ஆத்துல மேல போனா எனாஞ்சவுங்ன்னு ஒரு ஊர். மண்ணுக்குள்ள எண்ணெய் இருக்கிற ஊர். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் உண்டு. இவர் சேர்ந்தது ஒரு சின்னக் கம்பெனி. அது இப்ப கிடையாது, பேரும் நமக்கு வேண்டாம். முதல்ல குழாய் முடுக்குறவர். அப்புறம் துளை போடுற மிஷினுக்குத் துணை ஆளு. அப்புறம் கம்பெனியே படிக்க வச்சு, பரீட்சை எழுத வச்சு, எங்க கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஜூனியர் எஞ்சினியர் ஆக்கிருச்சு.

கல்யாணம் முடிஞ்ச புதுசுல அவர் பேசுறதைக் கேக்கணும்! இப்ப இருக்கிற மனுசன் இல்ல அது. வாய் ஓயாது. துளை எப்படிப் போடுறது, கிணத்துக்குள்ள சேத்தைக் கரைச்சு ஏன் ஊத்துறாங்க, எண்ணெய் பீச்சி அடிச்சா எப்படி அடக்குறது, எல்லாம் சொல்லுவார். சோத்துத் தட்டுல சாம்பாரை வச்சுப் படம் போட்டுக் காட்டுவார். "எளா, கரி காலம் முடிஞ்சுது. இனி உலகம் ஓடுறது எண்ணெய்யிலதான். ஓடுற கப்பல், பறக்கிற விமானம், எல்லாத்துக்கும் இதுதான் கஞ்சி. இந்தத் தொழில் தெரிஞ்சவன் எந்த நாட்டுக்குப் போனாலும் பொழைச்சுக்குவான்" அப்படிம்பார். வெள்ளைக்காரனுக்கு ஒரு சம்பளம், அதே வேலைக்கு நமக்கு ஒரு சம்பளம்னு வருத்தம் உண்டு. ஆனாலும், "இன்னும் கொஞ்ச காலம்தான், அந்த நாற்காலியெல்லாம் நமக்கு வரும், நான் சீனியர் ஆனதும் பங்களா கொடுப்பான், நீயும் அங்கன வந்திரலாம்"னு சொல்லிக்கிட்டே இருப்பார். மூணு வருஷத்துக்கு ஒரு தரம் லீவுல வருவார். வந்துட்டு அந்தப் பங்களாவை என் தலையில கட்டி வச்சுட்டுப் போயிருவார். நானும் ஜன்னலுக்கு என்ன துணி போடுறதுங்கிறது வரைக்கும் யோசிச்சு வச்சிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த ஆசை ரொம்பவே இருந்துச்சு.

இனி என் தம்பி வில்பிரட்டைப் பத்திச் சொல்லணும். அவனைச் சொல்லாம இவரைச் சொல்ல முடியாது.

வில்பிரட் சங்கு குளிக்கிறவன். முத்துப்பார்ல சிப்பி பிடிக்கலன்னு சர்க்கார் முத்துக்குளிப்பை நிறுத்தி வருஷம் பல ஆயிருச்சு. சங்குக் குளிப்பும் வருஷத்துல சில மாசந்தான். மத்த நாளெல்லாம் கடற்கரையில சீட்டு விளையாடிக்கிட்டு, பெண்சாதிகிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு இருப்பான். அங்கன எனாஞ்சவுங்ல பர்மாக்காரங்க கையால தோண்டுற பழைய எண்ணெய்க் கிணறுவ இருந்துச்சு. அதுக்குள்ள ஆளைக் கயித்துல கட்டி இறக்குவாங்க. உள்ள விஷவாயு. அதனால கப்பலுக்கு அடியில வேலை செய்யுற குளிகாரன் போடுவான் பாருங்க, இரும்புத் தொப்பி, அதை மாட்டி, மேல இருந்து காத்தடிப்பாங்க. இவர் லீவுல வந்தப்ப இதைச் சொன்னதும் வில்பிரட் எழுந்து நின்னுட்டான். "அத்தான், மூச்சுப் பிடிக்கிற வேலைக்கு நம்ம ஊர் ஆளை விட்டுட்டு எவனையோ வச்சிருக்கானே, அவனுக்குக் கூறு இருக்கா?"ன்னு கேட்டான். அடுத்த கப்பல்லயே இவர் கூடக் கிளம்பிட்டான். கம்பெனி ஆளா இல்ல, கம்பெனிகிட்ட கிணறு குத்தகைக்கு எடுத்த கங்காணிகிட்ட கூலி ஆளா.

எங்க கடக்கரையில ஒரு வழக்கம். குளிகாரன் இறங்கும்போது கயித்தை மச்சான் முறைக்காரன் கையிலதான் கொடுப்பான். கூடப்பிறந்தவன்கிட்ட கொடுக்க மாட்டான். அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் பங்குச் சண்டை இருக்கும். மச்சான் அப்படியா? பெண்சாதியோட அண்ணன்னா, கயித்தை விட்டா அவன் கூடப்பிறந்தவ தாலிதான் போகும். அக்காவைக் கட்டினவன்னா, கயித்தை விட்டுட்டு அவ முகத்துல எப்படி முழிப்பான்? அதுக்காகத்தான். இன்னொண்ணு, கீழ இருக்கிறவன் கயித்தைச் சுண்டினாத்தான் மேல இழுக்கணும். சுண்டாம இழுத்தா அவனுக்கு அவமானம். "எனக்கு மூச்சு பத்தாதுன்னு நினைச்சியால?"ன்னு தோணிக்குள்ளயே அடிதடி ஆயிரும். இந்த ரெண்டும் எங்க பிள்ளைகளுக்கு ஞானப்பாடத்துக்கு முன்னாலயே தெரியும்.

ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போடுறதுக்குச் சில நாள் முன்னால அது நடந்துச்சு. எங்களுக்குத் தெரியாது. இவர் தந்தி கொடுத்திருக்கார், வந்து சேரல. அப்புறம் சண்டை வந்துச்சு, ஒண்ணுமே வரல. கொழும்புல குண்டு விழுந்ததும் இங்கன பாதி ஊர் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு உள்நாட்டுக்கு ஓடிருச்சு. நானும் மரியசெல்வியும் கிளாடிஸைக் கூட்டிக்கிட்டு உடன்குடிப் பக்கம் தெரிஞ்சவங்க பனை விளையில கிடந்துட்டுத் திரும்பி வந்தோம். ஆனி மாசக் காத்துல தெருவெல்லாம் மணல் பறந்துக்கிட்டிருக்கு. வாசல்ல ஒரு ஆளு. தாடி, கால் முழுக்கப் புண்ணு, இடுப்புல ஒரு சாக்கு. பிச்சைக்காரன்னு நினைச்சு, "ஒண்ணும் இல்லப்பா, போ"ன்னேன். "அல்போன்சா"ன்னு கூப்பிட்டார்.

பர்மாவுல இருந்து காடு மலையெல்லாம் நடந்து வந்திருக்கார். வழியில விழுந்து செத்தவங்க மேல ஏறி நடந்து வந்த மனுசன். அதையெல்லாம் அவர் சொல்லல, அப்புறம் மத்தவங்க சொல்லிக் கேள்விப்பட்டது. அவர் சொன்னது ஒண்ணுதான். வாசப்படியில உக்கார்ந்தார். நானும் மரியசெல்வியும் முன்னால நிக்கோம். கேக்கிறதுக்கு முன்னாலயே சொல்ல ஆரம்பிச்சுட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி ஒரே குரல்.

அன்னைக்குக் காத்தடிக்கிற பம்பு பழுது. கிணத்துக்குள்ள ஒரு கொக்கி விழுந்து கிடந்திருக்கு. கிணறு பத்துப் பாகம், அறுபது அடி ஆழந்தான். வில்பிரட் தொப்பி வேண்டாம்னுட்டான். "பத்துப் பாகத்துல நான் தண்ணிக்குள்ளயே சங்கு பொறுக்குறவன், ஒரு மூச்சுல எடுத்துட்டு வாரேன்"னு சொல்லியிருக்கான். ஆனா பர்மாக்காரங்க கையில கயித்தைக் கொடுக்க மாட்டேன்னு நின்னுருக்கான். ஆபீஸ்ல இருந்த இவருக்கு ஆள் அனுப்பிருக்கான். இவர் போய், வேண்டாம்லேன்னு சொல்லியிருக்கார். அவன் சிரிச்சுக்கிட்டே, "அக்காவுக்குப் பயந்தாவது நீங்க கயித்தை விட மாட்டீயளே அத்தான்"னு சொல்லிட்டு இறங்கிட்டான்.

"நான் கயித்தைப் பிடிச்சிருந்தேன்"னு சொன்னார். "அவன் சுண்டல. நான் காத்துக்கிட்டிருந்தேன். சுண்டுவான்னு காத்துக்கிட்டிருந்தேன். உள்ள வாயு இருக்குன்னு எனக்குத் தெரியும். தண்ணிக்குள்ள வாய் தானா மூடும், கிணத்துக்குள்ள குனிஞ்சு நிமிந்தா வாய் தானாத் திறக்கும்னும் தெரியும். ஒரு மூச்சு உள்ள போனாலே மயங்கிருவான், மயங்குறவன் சுண்ட மாட்டான்னும் தெரியும். எஞ்சினியரா நின்னிருந்தா இழுத்திருப்பேன். அத்தானா நின்னுட்டேன்."

அவ்வளவுதான். சொல்லி முடிச்சுட்டுத் தண்ணி கேட்டார்.

நான் என்ன செய்திருக்கணும், சொல்லுங்க பார்ப்போம். உசிரோட வந்த புருஷனைக் கட்டிக்கிட்டு அழவா? என் தம்பியைக் கொன்னுட்டு வந்தீரான்னு நெஞ்சுல அடிக்கவா? ரெண்டும் வரல. வெந்நீர் போட்டேன். அவர் கால் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சேன். மரியசெல்வி உள்ள போய் உலை வச்சா. அழல. பங்குச்சாமிகிட்ட சொல்லி வில்பிரட் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வச்சோம். அங்கேயும் மூணு பேரும் முழந்தாள்ல நின்னுட்டு வந்தோம், அவ்வளவுதான். சடலம் இல்ல, குழி இல்ல, மண்ணு அள்ளிப் போடல. மரியசெல்வி கழுத்துல தாலி அப்படியே கிடந்துச்சு. கழட்டுன்னு யாரும் சொல்லல, அவளும் கழட்டல. அவ அண்ணன் வந்து, "வா தங்கச்சி, நம்ம வீட்டுக்குப் போவோம்"னு கூப்பிட்டான். போகல. எங்க வீட்டுல ஒரு மூலையில பாயைப் போட்டுக்கிட்டா.

அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாருக்கும் எதுவும் சுடல, குளிரல. வெயில் அடிச்சுது, மழை பெஞ்சுது, மாதா கோவில் பெருநாள் வந்து போச்சு. கொடியேத்தத்துக்கு வெடி வெடிச்சா ஊரே துள்ளும், எங்க வீட்டுல மூணு பேரும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருப்போம். இவருக்கு நான் என்ன சொன்னாலும் பதில் "சரி". மீனு இல்லைன்னா சரி. கிளாடிஸுக்குக் காய்ச்சல்னா சரி. ஒரு நாள் வெறுப்புல, "நான் கடல்ல விழுந்து சாகப் போறேன்"னேன். அதுக்கும் "சரி"ன்னார்! சேசுவே, அன்னைக்குக் கரண்டியைத் தூக்கி எறிஞ்சேன். தோள்ல பட்டு விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்துக் கழுவி வச்சார்.

சண்டை ஓய்ஞ்சு மறு வருஷம் அருமைநாயகம் ரைட்டர் எங்க வீடு தேடி வந்தார். பீச் ரோட்டுல கப்பல் ஏஜண்டு ஆபீஸ்ல கணக்கு எழுதுறவர். நல்ல மனுசன், இவர் கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவர். வந்தவர் உக்காரக்கூட இல்ல, நின்னமேனிக்கே சொன்னார்.

"பர்னபாஸ், உனக்கு அடிச்சுது யோகம். உன் கம்பெனி தொரை கொழும்புல இருந்து வாரான். எங்க ஆபீஸ்லதான் தங்குதான். பர்மாவுல அடைச்சுப் போட்ட கிணத்தையெல்லாம் திரும்பத் திறக்கப் போறாங்களாம். ஜப்பான்காரன் கையில சிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சிமிண்டும் இரும்பும் போட்டு அடைச்சீய? எதுக்குள்ள எதைப் போட்டு அடைச்சதுன்னு தெரிஞ்ச ஆளு நாலஞ்சு பேருதான் உசிரோட இருக்கீய. உன் பேரைச் சொல்லிக் கேட்டான். சீனியர் எஞ்சினியர் வேலை. குடும்பத்தோட போகலாம், பங்களா உண்டு."

எனக்குக் கையில இருந்த முறம் நழுவிருச்சு. இவர் "சரி"ன்னார்.

"என்ன சரி? சந்தோசமாச் சொல்லுலே!"ன்னு ரைட்டர் அவர் முதுகுல தட்டினார். "வெள்ளைக்காரன் இன்னைக்கோ நாளைக்கோ போகப் போறான். அப்புறம் அந்த நாற்காலியெல்லாம் யாருக்கு? எண்ணெய்த் தொழில் தெரிஞ்ச நம்ம ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான். பத்து வருஷத்துல நீ எங்கேயோ போயிருவ. இங்கன உக்காந்து தகரத்துக்கு ஈயம் பூசிக்கிட்டா இருப்ப?"

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு விஷயம் தங்கச்சி. தொரை எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கான். உன் பொறுப்புல இருந்த கிணத்துல யாரும் செத்ததுண்டான்னு. காகிதமெல்லாம் எரிஞ்சு போச்சு. நாளைக்கு எவனும் வந்து வழக்குப் போடக்கூடாதுன்னு பயம். இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உண்டுன்னு சொன்ன ஒருத்தனைக் கொழும்புலயே அனுப்பிட்டான். வில்பிரட் கங்காணி ஆளுதானே, கம்பெனிப் பட்டியல்லயே கிடையாது. அதனால பொய்யும் ஆகாது, பாருங்க."

அடுப்படியில மரியசெல்வி சாளை மீனை உரசிக்கிட்டிருந்தா. அந்தச் சத்தம் நிக்கல. அதே மாதிரி உரசிக்கிட்டே இருந்தா. காது கேக்காதவளா என்ன?

ரைட்டர் போனதும் நான் அவர் முன்னால போய் உக்கார்ந்தேன். "இந்தாங்க, இங்க பாருங்க. தொரை என்ன கேட்டாலும் நல்லபடியாச் சொல்லணும். அந்தக் கேள்வி கேட்டா இல்லைன்னு சொல்லிரணும். செத்தவன் திரும்பி வரப் போறதில்ல. கிளாடிஸுக்கு வயசு ஏறுது. மரியசெல்வியையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிருவோம். எனக்காகச் சொல்லுங்க. நான் உங்ககிட்ட என்ன கேட்டிருக்கேன் இது வரைக்கும்?"

"சரி"ன்னார்.

அவர் தலையில கைவச்சுச் சத்தியம் வாங்கியிருக்கலாம். வாங்கல. இந்த மனுசனுக்குச் சரியைத் தவிர வேற வார்த்தை தெரியாதேங்கிற தைரியம்.

அந்த நாள் வந்துச்சு. ராஜதுரை அண்ணாச்சி கடையில லீவு சொல்லப் போனப்ப, அண்ணாச்சி தன்னோட வெள்ளைக் கோட்டைக் கழட்டிக் கொடுத்து, "எஞ்சினியராப் போங்க, எஞ்சினியராவே வாங்க"ன்னு சொன்னாராம். கோட்டு இவருக்குத் தொளதொளன்னு கிடந்துச்சு. எனக்கு இவரைத் தனியா அனுப்ப மனசு வரல. நடுவழியில எங்கேயாவது கடலைப் பார்த்துக்கிட்டு நின்னுட்டார்னா? நானும் கூடப் போனேன். ஏஜண்டு ஆபீஸ் வராந்தாவுல ஒரு பெஞ்சு கிடந்துச்சு, அதுல உக்கார்ந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. ரைட்டர் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, உள்ள பேசுற இங்கிலீஷை மெதுவாத் தமிழ்ல எனக்குச் சொல்லிக்கிட்டே வந்தார். பாவம், அவருக்கே என்னை விடப் படபடப்பு.

தொரை வயசானவன். குரல் நல்லாத்தான் இருந்துச்சு, அதட்டுறவன் இல்ல. ஒவ்வொரு கிணறாக் கேட்டான். இவர் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னார். இதுல துளை போடுற கம்பியைத் தலைகீழா இறக்கி அடைச்சோம், இதுல சிமிண்டு, இதைத் திறக்க முடியாது, இதைத் திறந்தா எண்ணெய்க்கு முன்னால தண்ணி வரும், இப்படி. ரைட்டர் என்னைப் பார்த்து, "தொரைக்கு ரொம்பத் திருப்தி"ன்னார். நான் மாதாவைக் கும்பிட்டுக்கிட்டேன். இங்கன சொல்லாம இருக்க முடியல, அந்த நேரத்துல நான் மனசுக்குள்ள பங்களா ஜன்னலுக்குத் துணி தச்சுக்கிட்டிருந்தேன்.

அப்புறம் ரைட்டர் சொன்னார், "கேட்டுட்டான் தங்கச்சி."

உள்ள காத்தாடி சுத்துற சத்தம் மட்டும். ஒரு வார்த்தைதானே, இல்லைன்னு சொல்ல இத்தனை நேரமான்னு எனக்கு எரிச்சல் பத்திக்கிட்டு வருது.

அவர் ஏதோ சொன்னார். ரைட்டர் முகம் செத்துப்போச்சு. "உண்டுங்கான். வில்பிரட் வாஸ்னு பேரு சொல்லுதான்."

தொரை கோவிச்சுக்கல. காகிதத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, பொறுமையாச் சொன்னானாம், எங்க சம்பளப் பட்டியல்ல அப்படி ஒருத்தன் கிடையாது, அதனால அது எங்க கணக்குல வராது, நீ இல்லைன்னே சொல்லலாம்னு. இவர் மறுபடியும் பேரைச் சொன்னார். தகப்பன் பேரு, ஊர்ப் பேரு எல்லாம் சேர்த்துச் சொன்னார். தொரை மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு, எனக்கு நீ வேணும், ஆனா இதை நீ சொன்னா உன்னை நான் எடுக்க முடியாது, யோசிச்சுச் சொல்லுன்னானாம். அவன் மேல நான் குத்தம் சொல்ல மாட்டேன். கேட்டுப் பார்த்தான்.

அப்பத்தான் எங்க வீட்டுக்காரர் எழுந்து நின்னார். நாற்காலி பின்னால விழுந்துச்சு. அந்தத் தொரைக்கு ஒரு எழுத்துத் தமிழ் தெரியாது. ஆனா இவர் தமிழ்லதான் சொன்னார், ஆபீஸ் முழுக்கக் கேக்கிற மாதிரி.

"பட்டியல்ல இல்ல சார். கயித்துல இருந்தான்."

இன்னொரு தரமும் சொன்னார். "என் கையில இருந்த கயித்துல இருந்தான்."

கை ரெண்டையும் முன்னால நீட்டிக்கிட்டு நின்னார். விரல் எல்லாம் மூடியிருந்துச்சு. உடம்பு நடுங்குது. நாலு வருஷமா நான் கரண்டியால அடிச்சும் அசையாத உடம்பு.

ரைட்டர் ஓடி வந்து என்கிட்ட கெஞ்சினார். "தங்கச்சி, நீங்க உள்ள வாங்க. நீங்க செத்தவனுக்கு அக்கா. நீங்களே வந்து, அப்படி யாரும் இல்லைன்னு சொன்னா தொரை ஏத்துக்குவான். இவனுக்குப் புத்தி கலங்கிருக்குன்னு நான் சமாளிச்சுக்கிடுதேன். ஒரு வார்த்தை. உங்க வாழ்க்கையே மாறிரும்."

நான் உள்ள போனேன். தொரை எனக்கு மரியாதையா எழுந்து நின்னான். மேசை மேல ஒரு படம் விரிச்சுக் கிடந்துச்சு, கிணறு கிணறாப் புள்ளி வச்ச படம். எங்க வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாட்டேன்னும் சொல்லல, வான்னும் சொல்லல. நான் என்ன சொல்லப் போறேன்னு பார்த்துக்கிட்டு நின்னார். எனக்கு அந்தப் பங்களா வேணும். இப்பவும் சொல்லுதேன், அந்த நிமிசத்துலயும் எனக்கு வேணும். இல்லைங்கிற வார்த்தை நாக்கு நுனியில இருந்துச்சு. எத்தனை தரம் இவருக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தை!

வாயைத் திறந்தேன். "வில்பிரட் என் கூடப்பிறந்தவன்னு சொல்லுங்க ரைட்டர் அண்ணாச்சி. எனக்கு இளையவன். அவன் செத்துப்போனான்னு சொல்லுங்க."

அவன் செத்துப்போனான்னு அன்னைக்குத்தான் என் வாயால முதல் தடவை சொல்லுதேன். சொன்னதும் என் காதுலயே அது விழுந்துச்சு. மேசையைப் பிடிச்சுக்கிட்டேன்.

ரைட்டர் இங்கிலீஷ்ல சொன்னார். தொரை தலையைக் குனிஞ்சுக்கிட்டு, பென்சிலால எதையோ அடிச்சான். முடிஞ்சுது.

வெளியே வந்தா நல்ல வெயில். உப்பு மூட்டை ஏத்தின வண்டிகள் வரிசையாப் போய்க்கிட்டிருக்கு. அவர் கோட்டைக் கழட்டி மடிச்சுக் கையில வச்சுக்கிட்டார். கொஞ்ச தூரம் போனதும், "அல்போன்சா, உனக்குக் கோபமா?"ன்னு கேட்டார். அவரா என்னைக் கேள்வி கேட்டு எத்தனை காலமாச்சு தெரியுமா? "கோபம்தான்"னேன். "நாலு வருஷமாவே கோபம்தான். ஏன் இழுக்கல? ஏன் இழுக்காம நின்னீரு? உமக்குத்தான் எல்லாம் தெரியுமே!" நடுரோட்டுல கத்திட்டேன். வண்டி மாடெல்லாம் திரும்பிப் பார்த்துச்சு. அவர் சரின்னு சொல்லல. "தெரியல எளா, தெரியல, தெரியல"ன்னு சொல்லிக்கிட்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தோம். மரியசெல்வி வாசல்லயே நின்னா. காலையில இருந்தே அங்கனதான் நின்னிருப்பா போல. என்னைப் பார்க்கல, நேரா அவரைப் பார்த்தா. அவர் வந்த நாள்ல இருந்து அவர் முகத்தைப் பார்த்து அவ ஒரு வார்த்தை பேசினதில்ல.

"அண்ணே, என்ன சொன்னீய?"

"இருந்தான்னு சொன்னேம்மா"ன்னார் அவர். "வில்பிரட் இருந்தான், என் கையில செத்தான்னு சொன்னேன். வேலை இல்லைன்னுட்டான்."

அவ அப்படியே வாசல்ல உக்கார்ந்தா. கழுத்துல கையை வச்சா. தாலிச் சரட்டைப் பிடிச்சுக்கிட்டு, "என்னப் பெத்த ராசா"ன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க. அப்படி ஒரு சத்தம் அந்தச் சின்ன உடம்புக்குள்ள எங்கன இருந்துச்சோ. நான் போய் அவளைக் கட்டிக்கிட்டேன். எனக்கும் வந்துருச்சு. ஐயோ என் தம்பி, என் கூடப்பிறந்தவனேன்னு நானும் மாரடிச்சேன். கிளாடிஸ் பயந்துபோய் ஓடி வந்து எங்க நடுவுல விழுந்தா. அவர் முற்றத்து மண்ணுல குப்புற விழுந்து கிடந்தார்.

தெருவே கூடிருச்சு. அடுத்த வீட்டு வடிவம்மாள் மாவுக் கையோட ஓடி வந்தா. "எளா அல்போன்சா, என்னளா? யாருளா செத்தது?"

"என் தம்பி வில்பிரட்"னேன்.

அவளுக்குத் தெரியும். அவன் போய் எத்தனை வருஷம்னு இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். அவ வாயைத் திறந்தா, எதையோ கேக்க வந்தா, கேக்கல. மாவுக் கையைச் சேலையில துடைச்சுட்டு, கொண்டையை அவுத்துவிட்டுக்கிட்டு எங்க பக்கத்துல வந்து உக்கார்ந்தா. அவளைப் பார்த்து மத்தவளுகளும் ஒவ்வொருத்தியா உக்கார்ந்தாளுவ. ஆம்பளைங்க வாசல்ல துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாங்க, இழவு வீட்டுல நிக்கிற மாதிரியே. முற்றத்துல இருந்து அவர் அழுகைதான் எல்லார் சத்தத்துக்கும் மேல கேட்டுச்சு.